மழைக்காலத்தில் துவைத்த துணி நாறுவது ஏன், அதை எப்படிப் போக்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட், டாப் லோட் வாஷிங் மெஷின், போர் தண்ணீர். ஐப்பசி பிறந்ததிலிருந்து துவைத்த துணியெல்லாம் ஈர வாடை அடிக்கிறது. மழை விட்ட நாளில் மொட்டை மாடியில் காயப்போட்டால் வாடை போய்விடுகிறது. ஆனால் குளித்துவிட்டு அதே துண்டால் துவட்டினால் மறுபடியும் நாறுகிறது. பவுடரைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தாயிற்று, டெட்டால் ஊற்றியாயிற்று, கம்ஃபர்ட்டும் ஊற்றியாயிற்று. இன்னும் என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

துவட்டினதும் வாடை திரும்பி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முக்கியமான துப்பு அதுதான். வெயிலில் காய்ந்து மொறமொறவென்று இருந்த துண்டு நனைந்த சில நிமிடங்களில் நாறுகிறது என்றால், வாடை மழையிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்து ஒட்டியதல்ல. அது துணிக்குள்ளேயே இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அடங்கியிருக்கிறது, ஈரம் பட்டதும் எழுந்துவிடுகிறது. ஆகவே மழையைத் திட்டிப் பலனில்லை. துணியைச் சரியாக வெளுக்க வேண்டும்.

இந்த வாடையை ஜப்பானில் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கேயும் மழைக்காலத்தில் வீட்டுக்குள்தான் துணி காயப்போடுகிறார்கள், அவர்களுக்கும் இதே தொல்லை. 2012-இல் வெளியான ஆய்வில் மொராக்ஸெல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவை இதற்குக் காரணமாகச் சுட்டினார்கள். நம் தோலிலிருந்து துணியில் ஒட்டும் எண்ணெய்ப் பசையையும் வியர்வையையும் வைத்துக்கொண்டு அது ஒரு அமிலத்தை உண்டாக்குகிறது. 4-மீத்தைல்-3-ஹெக்ஸினோயிக் அமிலம் என்று பெயர். நாம் ஈர வாடை என்று சொல்வதில் பெரும்பங்கு அதுதான். அந்த ஆய்வில் தெரிந்த இன்னொரு விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம்: இந்தக் கிருமி காய்ந்துபோவதையும் புற ஊதாக் கதிரையும் நன்றாகத் தாங்குகிறது. வெயிலில் போட்டும் துண்டு மறுபடி நாறுவதற்குக் காரணம் இதுதான். வெயில் ஈரத்தை எடுத்துவிடுகிறது, கிருமியும் அதன் சாப்பாடும் நூலில் அப்படியே தங்கிவிடுகின்றன.

அந்தச் சாப்பாட்டைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில், அரை மணி நேர ஓட்டத்தில், தோலின் கொழுப்பு முழுதாகக் கழன்று போவதில்லை. ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் தங்கி, அடுக்கு அடுக்காகச் சேர்கிறது. தேங்காய் எண்ணெய் வைத்த தலை படும் தலையணை உறையை மோந்து பாருங்கள், அந்தச் சிக்கு வாடை ஒரே நாளில் வந்ததில்லை. போர் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் இன்னும் மோசம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி நூலில் படிந்துவிடும். துணி வெளுத்தது போலத்தான் தெரியும். தொட்டால் விறைப்பாக இருக்கும், தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது.

நம் ஊர் சலவைத் தொழிலாளர்களுக்கு இதற்கு வழி தெரிந்திருந்தது. உவர் மண்ணைக் கரைத்த தண்ணீரில் துணியை முக்கி, பெரிய பானையின் மேல் அடுக்கி, கீழே தீ மூட்டி ஆவியில் வேகவைப்பார்கள். அதுதான் வெள்ளாவி. உவர் மண்ணில் இருக்கும் காரம், கடையில் கிடைக்கும் சலவை சோடாவின் இனம். காரம் கொழுப்பைக் கரைக்கும், ஆவியின் சூடு கிருமியைக் கொல்லும். அப்புறம் ஆற்றுத் தண்ணீரில் அலசி, மணலில் விரித்து வெயிலில் காயவைப்பார்கள். இன்றைக்கு நாம் சூட்டையும் காரத்தையும் கைவிட்டுவிட்டு வாசனையை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறோம். நான் சொல்லப்போகும் வைத்தியம் ஒரு சின்ன வெள்ளாவிதான், வாளிக்குள் செய்வது.

உங்கள் துண்டுகளிலிருந்து தொடங்குங்கள். பருத்தித் துண்டு, படுக்கை விரிப்பு, தலையணை உறை, வேட்டி, பனியன் எல்லாம் இதைத் தாங்கும். சாயம் போகுமா என்று சந்தேகமாக இருந்தால் ஓரத்தை மட்டும் முதலில் நனைத்துப் பாருங்கள். ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஐந்து லிட்டர் குழாய்த் தண்ணீரில் சேர்த்தால் ஏறக்குறைய 65 டிகிரி கிடைக்கும். துணி போட்டதும் அது 60 பக்கம் இறங்கும். நமக்கு வேண்டியது அந்தச் சூடுதான். முதலில் வாளியில் குழாய்த் தண்ணீரை ஊற்றி, பிறகு கொதிநீரை மெதுவாகச் சேருங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வராத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். கெய்சர் நன்றாகச் சூடேற்றும் என்றால் அதிலிருந்தே பிடிக்கலாம். அந்தப் பத்து லிட்டரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா, வழக்கமாகப் போடும் அளவு பவுடர், இரண்டு மேசைக்கரண்டி சோடியம் பெர்கார்பனேட் போட்டுக் கலக்குங்கள். பெர்கார்பனேட் என்பது கறை நீக்கும் பவுடர்களில் இருப்பது. அட்டையில் ஆக்சிஜன் ப்ளீச் என்று போட்டிருக்கும். தண்ணீரில் கரையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிடும், சூடான தண்ணீரில்தான் அது முழு வேகத்தில் வேலை செய்யும். வெள்ளைத் துணிக்கு மட்டுமல்ல, பெரும்பாலான சாயத் துணிக்கும் ஆபத்தில்லை.

மூன்று நான்கு துண்டுக்கு மேல் ஒரு வாளியில் திணிக்காதீர்கள். கம்பால் அமுக்கி, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். மூடியை இறுக்கி மூட வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். அலுமினியப் பாத்திரம் கூடாது, சலவை சோடா அதை அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வர் அண்டாவோ சரி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இந்தக் கரைசல் தோலை வறட்டும். தூக்கும்போது தண்ணீரைப் பாருங்கள். துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருந்த துண்டிலிருந்து பால் விடாத டீ நிறத்தில் கலங்கல் இறங்கியிருக்கும். சாயத் துணியென்றால் அதில் பாதி சாயமாகவும் இருக்கலாம். ஆனால் வெள்ளைத் துண்டிலிருந்தும் அப்படி இறங்கினால், அது அத்தனை நாள் தேங்கிக் கிடந்த பிசுக்கு. பிறகு மெஷினில் போட்டு இரண்டு முறை நன்றாக அலசுங்கள். சலவை சோடா வேலை செய்கிறதா என்று சோதிக்கக் காயும்வரை காத்திருக்க வேண்டாம். அலசிப் பிழிந்த ஈரத்துண்டை மூக்கருகே வைத்துப் பாருங்கள். ஈரத்தில் வாடை இல்லையென்றால் பழைய பிசுக்கு போய்விட்டது என்று அர்த்தம். லேசாக இருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள், பல மாதப் பிசுக்குக்கு இரண்டு சுற்று தேவைப்படுவது சகஜம்.

சலவை சோடா வேறு, ஆப்ப சோடா வேறு. ஆப்ப சோடா ரொம்ப மென்மையான காரம், கொழுப்பைக் கரைக்க அது போதாது. ஆப்ப சோடாவையும் வினிகரையும் சேர்த்துக் கொட்டும் வீடியோக்கள் எத்தனையோ வருகின்றன. இரண்டும் சேர்ந்ததும் நுரைத்து ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும், மிஞ்சுவது லேசான உப்புத் தண்ணீர். வினிகர் தனியாக ஓரளவு உதவும். கடைசி அலசலில் வெள்ளை வினிகர் அரை டம்ளர் ஊற்றினால் உப்புப் படிவும் மிச்சக் காரமும் போய் துணி மெத்தென்று ஆகும். ஒவ்வொரு முறையும் ஊற்றிக்கொண்டிருந்தால் மெஷினின் ரப்பர் பாகங்களுக்குக் கேடு, எப்போதாவது போதும். ஒன்றை மட்டும் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். வினிகரோ எலுமிச்சையோ டாய்லெட் கழுவும் ஆசிடோ, குளோரின் ப்ளீச்சோடு எந்தக் காரணத்துக்காகவும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடின குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

நீங்கள் செய்து பார்த்தவை ஏன் பலிக்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். பவுடரைக் கூட்டினால் மெஷினால் அலச முடியாத நுரை மிஞ்சும், அதுவே பிசுக்காகத் தங்கும். டெட்டால் மாதிரி கிருமிநாசினிகள் சுத்தமான பரப்பில்தான் நன்றாக வேலை செய்யும். கொழுப்புப் படலத்துக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை ஒரு மூடி டெட்டால் எட்டாது, துணியில் ஆஸ்பத்திரி வாசனை வருவதுதான் மிச்சம். கம்ஃபர்ட் போன்ற திரவங்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: துண்டுக்கு அவற்றை ஊற்றவே கூடாது. அவை நூலின் மேல் ஒரு பூச்சாகப் படிந்துதான் துணியை மெத்தென்று ஆக்குகின்றன. அந்தப் பூச்சு துண்டின் உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும், அடியிலிருக்கும் அழுக்கையும் மூடிவைக்கும். சேலைக்கோ சட்டைக்கோ ஆசைப்பட்டால் ஊற்றிக்கொள்ளுங்கள்.

இரவே பவுடர் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் துவைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் வரவேண்டிய அழுக்கு வந்துவிடும். நம் ஊர்ச் சூட்டில் பத்து மணி நேரம் ஆறிக் கிடக்கும் அழுக்குத் தண்ணீர் கிருமி வளர்க்கும் தொட்டியாகிவிடும்.

அப்புறம் மெஷின். டாப் லோட் மெஷினில் நம் கண்ணுக்குத் தெரியும் தொட்டிக்கு வெளியே இன்னொரு தொட்டி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பவுடர் பிசுக்கும் நூல்தூசியும் உப்பும் சேர்ந்து வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும். துணியை வெள்ளாவி வைத்தாலும், அலசுவது இந்தத் தொட்டியில்தான் என்றால் பாதி உழைப்பு வீண். காலி மெஷினில் உங்களால் முடிந்த அளவு சூடான தண்ணீரை நிரப்பி (உங்கள் மெஷின் எவ்வளவு சூடு தாங்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்), ஒரு கைப்பிடி பெர்கார்பனேட் போட்டு, பத்து நிமிடம் சுழலவிட்டு நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் ஊறட்டும். மறுபடி சுழலவிட்டால் கறுத்த சவ்வுத் துண்டுகள் மிதந்து வரும். அவற்றை ஒரு வடிகட்டியால் அள்ளிவிட்டு வடியவிடுங்கள், தெளியும்வரை அலசுங்கள். முதல் தடவை அருவருப்பாகத்தான் இருக்கும். உப்புத் தண்ணீர் வீட்டில் மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது. நூல்தூசி சேரும் வலைப்பையை ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் கழற்றிக் கழுவுங்கள். மூடியைத் திறந்தே வையுங்கள்.

ஃப்ரன்ட் லோட் வைத்திருப்பவர்களுக்கு: கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விரித்துத் துடையுங்கள், சாம்பல் நிறப் பிசுக்கும் ஹேர்பின்னும் சில்லறையும் அங்கேதான் கிடக்கும். கீழே சின்னக் கதவுக்குள் இருக்கும் வடிகால் ஃபில்டரைத் திறந்து கழுவுங்கள். உங்கள் மெஷினில் ஹீட்டர் இருப்பதால் 60 டிகிரி ஓட்டத்தில் போட்டால் வாளி வேலையே வேண்டாம்.

சரி, துணியை வெளுத்தாயிற்று. இனி அது எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. நாலைந்து மணி நேரத்தில் காய்ந்துவிட்டால் கிருமிக்குப் பெருக அவகாசம் கிடைக்காது. அடைமழை நாளில் அறைக்குள் கிடக்கும் துணி ஒரு நாளெல்லாம் ஈரமாகவே இருக்கும். இதற்கு முதல் உபாயம் ஸ்பின். ஓட்டம் முடிந்ததும் இன்னொரு முறை ஸ்பின் மட்டும் போடுங்கள். சில நிமிட மின்சாரத்தில் வெளியேறும் தண்ணீரைக் கொடியில் ஆற்றிக் காயவைக்க மணிக்கணக்கில் ஆகும். அடுத்தது காற்று. மழை நாளில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும், ஆகவே சன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே காயப்போட்டால் கொஞ்ச நேரத்தில் அறைக்காற்று இனி ஈரத்தை ஏற்காது என்ற நிலைக்கு வந்துவிடும். எதிரெதிர் சன்னல்களைக் கொஞ்சம் திறந்து, ஃபேனுக்கு நேர் கீழே காயப்போடுங்கள். டேபிள் ஃபேன் இருந்தால் துணிகளின் ஊடாகக் காற்று போகும்படி பக்கவாட்டில் வையுங்கள். ஏசி இருக்கும் அறையென்றால் கதவைச் சாத்தி ட்ரை மோடில் ஓடவிடலாம். அது அறையின் ஈரத்தை எடுத்துக் குழாய் வழியே வெளியே விட்டுவிடும். குளியலறைக் கொடி மட்டும் வேண்டாம்.

கொடியில் துணிக்குத் துணி நான்கு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். துண்டை நடுவில் மடித்துத் தொங்கவிடுவதை விட, ஒரு ஓரத்தைக் கிளிப் போட்டு ஒற்றையாகத் தொங்கவிட்டால் சீக்கிரம் காயும். ஜீன்ஸைப் புறம் மாற்றி, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிடுங்கள். காய்ந்துவிட்டதா என்று துணியின் நடுவில் தொட்டுப் பார்ப்பதில் பலனில்லை. இடுப்புப் பட்டி, காலர், அக்குள் தையல், பாக்கெட் அடிப்பகுதி என்று தடித்த இடங்களைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். அங்கிருந்துதான் மறுபடி ஆரம்பிக்கும். அரைகுறையாகக் காய்ந்ததை இஸ்திரி போட்டே முடிக்கலாம், பருத்திக்கு அந்தச் சூடு நல்ல மருந்து. ஆனால் பெட்டியை எடுத்ததும் மடிக்காமல் பத்து நிமிடம் ஹேங்கரில் ஆறவிடுங்கள், ஆவி வெளியேறட்டும்.

துண்டைப் பற்றி ஒரு யோசனை. தேங்காய்ப்பூத் துண்டு பார்க்க ஆடம்பரம், தொட்டால் சுகம், ஆனால் அதன் சுருள் சுருளான நூலில் நிற்கும் தண்ணீர் மழைக்காலத்தில் லேசில் காயாது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்துக்கும் ஈரிழைத் துண்டுக்கு மாறிவிடுங்கள். மெல்லிசாக இருக்கும், நன்றாகத் துவட்டும், ஃபேனடியில் சீக்கிரம் காய்ந்துவிடும், கொதிநீரில் எத்தனை முறை போட்டாலும் கவலையில்லை. தலை துவட்டின ஈரத்துண்டை அழுக்குக்கூடையில் போடாதீர்கள். வியர்வையில் நனைந்த சட்டையையும் அப்படித்தான். துவைக்கும் நாள் வரை தனியாகக் கொடியில் தொங்கட்டும். பாதி வாடை அழுக்குக்கூடைக்குள்தான் பிறக்கிறது. ஆபீஸ் கிளம்பும்போது மெஷினைப் போட்டுவிட்டு மாலையில் வந்து எடுப்பதும் இதே கணக்கில் சேரும். டிலே ஸ்டார்ட் வசதி இருந்தால், காய்ந்த அழுக்குத் துணியைப் போட்டு, நீங்கள் வீடு திரும்பும் நேரத்தில் ஓட்டம் முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

பாலியஸ்டர் கலந்த துணிகள் தனி ரகம். ஜிம் டி-ஷர்ட், பள்ளிச் சீருடை, சாக்ஸ் எல்லாம் தண்ணீரை விலக்கி எண்ணெயை இழுத்து வைத்துக்கொள்ளும். கொதிநீரும் ஆகாது, சுருங்கிப்போகும், எலாஸ்டிக் கெடும். கை பொறுக்கும் சூட்டில், ஏறத்தாழ 40 டிகிரியில், என்சைம் கலந்த டிடர்ஜென்ட் போட்டு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். துணியைப் புறம் மாற்றிப் போடுங்கள், தோல் பட்ட பக்கம் வெளியே வரட்டும். அக்குள் பகுதியில் கொஞ்சம் திரவ டிடர்ஜென்ட்டைத் தடவித் தேய்த்துவிட்டு ஊறவைத்தால் வித்தியாசம் தெரியும்.

துணியில் கரும்பொட்டு விழுந்திருந்தால் அது வேறு கதை, பூஞ்சை பிடித்துவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்குள் உதறாதீர்கள். பால்கனியில் வைத்து பிரஷால் தட்டி, வெயிலில் போட்டுவிட்டு, மேலே சொன்ன வாளி வைத்தியத்தைச் செய்யுங்கள். வாடை போய்விடும். பொட்டு முழுதாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. பூஞ்சை பருத்தி நூலையே தின்னும், நாள்பட்டதென்றால் அந்த இடம் இற்றுப்போயிருக்கும். வெள்ளைப் பருத்திக்கு மட்டும், அட்டையில் போட்டிருக்கும் அளவில் நீர்த்த குளோரின் ப்ளீச்சைத் தனியாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். கஞ்சி போட்ட வேட்டிக்கும் காட்டன் சேலைக்கும் பூஞ்சை சீக்கிரம் வரும், கஞ்சி அதற்கு விருந்து. மழைக்கு முன்னால் கஞ்சியை அலசிவிட்டு, காயவைத்து எடுத்துவையுங்கள். கட்டுகிற அன்றைக்குக் கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

பட்டுக்கு இதில் எதுவுமே பொருந்தாது. பட்டும் கம்பளியும் புரத இழைகள். சலவை சோடா, பெர்கார்பனேட், கொதிநீர், ப்ளீச் எல்லாம் அவற்றைக் கெடுக்கும். பட்டுச்சேலையில் ஈர வாடை வந்தால் நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு பகல் முழுக்க விரித்துப் போடுங்கள். போகாவிட்டால் ட்ரை க்ளீனிங்தான். பிளாஸ்டிக் கவரை எடுத்தெறிந்துவிட்டு, வெளுத்த பழைய வேட்டித்துணியில் சுற்றி, மடிப்பை மாற்றி வையுங்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், வெளிச்சுவராக இருந்தால் அதன் ஈரம் பின்பக்கத் தகட்டுக்கு ஏறும். மழையில்லாத நாளில் கதவைத் திறந்துவைத்து ஃபேனைப் போடுங்கள். பாச்சை உருண்டை பூச்சிக்கானது, ஈரத்தை அது உறிஞ்சாது. வாடையின் மேல் இன்னொரு வாடையை ஏற்றுவதோடு சரி. கைக்குழந்தையின் துணி இருக்கும் அலமாரியில் அதை வைக்கவே வேண்டாம். ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு என்சைம்; அது குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீனால் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரலாம், குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரியாது. ஈரம் உறிஞ்ச வேண்டுமென்றால் சிலிக்கா ஜெல் பைகளோ, தண்ணீர் சேரும் டப்பாவோடு விற்கும் கால்சியம் குளோரைடோ வாங்கிப் பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். டப்பா நிறைந்ததும் துணியில் சிந்தாமல் கொட்டிவிட்டுப் புதிது மாற்றுங்கள்.